உலகப் பிரச்சினை ஒன்றைப் பல அணுகுமுறைகளால் ஆராய்வது எப்படி: மீன்வள மானியத்தை முன்வைத்து ஒரு வழிகாட்டி

சர்வதேச உறவுகள் பாடத்தில் முதுகலை ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முதல் அத்தியாயம் அறிமுகம், இரண்டாவது யதார்த்தவாதம், மூன்றாவது தாராளவாதம், நான்காவது, வகுப்பில் கன்ஸ்ட்ரக்டிவிசம் என்று சொல்லப்படும் கட்டுமானவாதம், ஐந்தாவது, மூன்றுக்கும் அவற்றுக்குரிய நிறைகுறைகள் உண்டு என்கிற முடிவுரை. பருவநிலை மாற்றம், பெருந்தொற்று, அகதிகள் என எது தலைப்பானாலும் சட்டகம் மாறுவதில்லை. ஓட்டலில் எந்த டிபன் கேட்டாலும் அதே சாம்பார் வருவதைப் போல.

இதைக் கேலியாகச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு, ஏனெனில் என் ஆய்வேடும் அப்படித்தான் இருந்தது. அணு ஆயுதச் சோதனைகளை முழுமையாகத் தடை செய்யும் 1996ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட மறுத்ததை மூன்று கோட்பாடுகளாலும் விளக்கியிருந்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் யதார்த்தவாத அத்தியாயத்தை விரலால் தட்டி, "இந்தியா கையெழுத்திட்டிருந்தாலும் இதே அத்தியாயத்தைத்தானே எழுதியிருப்பீர்கள்?" என்று கேட்டார். உண்மைதான், மறுத்தால் பாதுகாப்பு நலன் என்று எழுதியிருப்பேன், ஒப்பியிருந்தால் வல்லரசுகளின் அழுத்தம் என்று எழுதியிருப்பேன். எது நடந்தாலும் பொருந்தும் விளக்கம் எதையும் விளக்குவதில்லை. அந்தக் கேள்வியிலிருந்து நான் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே செய்முறையாகத் தருகிறேன்.

எடுத்துக்காட்டு ஒன்றே ஒன்றை இறுதிவரை வைத்துக்கொள்கிறேன். உலகக் கடல்களில் மீன் குறைந்துகொண்டே வருவதும், அதற்குக் காரணமாகும் அரசு மானியங்களைக் கட்டுப்படுத்த உலக வர்த்தக அமைப்பு எடுத்த முயற்சியும்தான் அது. மீன்பிடித் துறைமுகமான காசிமேடு இருக்கும் சென்னையில் உட்கார்ந்துகொண்டு, இந்தப் பிரச்சினையை அந்த அமைப்பின் தலைமையிடமான ஜெனீவாவுக்கு மட்டும் உரியதாக எழுதுவது வீண் என்பது ஒரு காரணம்.

தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

'உலகளாவிய மீன்வள நெருக்கடி: ஒரு சர்வதேச உறவுப் பார்வை' என்பது தலைப்பு, அதில் கேள்வி இல்லை. கேள்வி என்பது ஏதோ ஒன்று எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்பதைச் சுட்ட வேண்டும். மீன்வள மானியம் குறித்த பேச்சுவார்த்தைக்கு 2001இல் உலக வர்த்தக அமைப்பின் தோஹா மாநாட்டில் ஆணை கிடைத்தது. 2015இல் ஐக்கிய நாடுகள் அவையின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 2020 என்று கெடுவும் வைத்தார்கள். ஆனால் உடன்பாடு ஜெனீவாவில் 2022 ஜூன் 17 அன்றுதான் ஏற்பட்டது. அதிலும், சட்டவிரோத மீன்பிடிப்புக்கும், ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட மீனினங்களைப் பிடிப்பதற்கும், எந்த அமைப்பின் ஒழுங்குமுறைக்கும் உட்படாத ஆழ்கடல் மீன்பிடிப்புக்கும் தரப்படும் மானியங்கள் தடை செய்யப்பட்டனவே தவிர, படகுகளின் எண்ணிக்கையையும் திறனையும் பெருக்கும் மானியங்கள் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று ஒதுக்கப்பட்டன. சிக்கலின் மையமே அந்த மானியங்கள்தாம். 2024இல் அபுதாபி மாநாட்டிலும் அதில் முடிவு எட்டப்படவில்லை. எனவே நம் கேள்வி இது: எல்லாரும் கேடு என்று ஒப்புக்கொள்ளும் ஒன்றைக் கட்டுப்படுத்த 21 ஆண்டுகள் ஆனது ஏன், ஆன பிறகும் மையப் பகுதி விடுபட்டது ஏன்?

கேள்வி இரண்டு வரிக்கு மேல் போனால் அதில் இரண்டு ஆய்வேடுகள் இருக்கின்றன என்று பொருள். ஒன்றை விட்டுவிடுங்கள்.

கோட்பாட்டுக்கு முன் நடந்தது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு மாணவி திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரையுள்ள கடலரிப்பைப் பருவநிலை அரசியலின் விளைவு என்று எழுதிக்கொண்டு வந்தார். நீதி, பொறுப்பு, வளர்ந்த நாடுகளின் கடன் என எல்லாம் சரளமாக இருந்தது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலப் பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் எழுந்தபோது, ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கரையோரமாக நகரும் மணல் அங்கே தடைப்பட்டது. தெற்கில் மெரினா அகன்றது, வடக்கில் ராயபுரம் தொடங்கிக் கரை கரைந்தது. உயரும் கடல் அந்த அரிப்பை இன்னும் மோசமாக்கும் என்பது வேறு செய்தி. காரணமே வேறாக இருக்கும்போது உலக அரசியல் கோட்பாட்டை அதன் மேல் ஏற்றினால், கோட்பாடும் கெடும், உண்மையும் கெடும். அந்த மாணவி ஆய்வேட்டைக் கைவிடவில்லை. நெருக்கடிக்கு உள்ளூர்க் காரணமும் உலகக் காரணமும் சேரும் இடத்தில் பொறுப்பை எப்படிப் பிரிப்பது என்று கேள்வியை மாற்றிக்கொண்டார். அது முதல் கேள்வியைவிட நல்ல கேள்வி.

ஆகவே முதல் ஒரு மாதம் கோட்பாட்டு நூலைத் தொடாமல் காலவரிசை ஒன்றைக் கையால் எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில் அதன் முதுகெலும்பு இப்படி இருக்கும். உலக உணவு மற்றும் வேளாண் அமைப்பின் கணக்கில், நீடிக்க முடியாத அளவுக்குப் பிடிக்கப்படும் மீன் இருப்புகள் 1974இல் 10 சதவீதமாக இருந்தன, 2021இல் 37.7 சதவீதமாயின. 1982ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கை கரையிலிருந்து 200 கடல் மைல் வரை அந்தந்த நாட்டுக்குப் பொருளாதார உரிமை தந்தது. அரசு மானியங்கள் உலகளவில் 2018இல் சுமார் 35.4 பில்லியன் டாலர் என்றும், அதில் ஏறக்குறைய 22 பில்லியன் மீன்பிடித் திறனைப் பெருக்குபவை என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். 2022 உடன்பாடு உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கின் ஏற்பைப் பெற்று 2025 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆவது உறுப்பில் ஒரு விசித்திரம் இருக்கிறது: நடைமுறைக்கு வந்து நான்கு ஆண்டுகளுக்குள் முழுமையான விதிகள் உருவாகாவிட்டால், உலக வர்த்தக அமைப்பின் பொதுக்குழு வேறுவிதமாக முடிவெடுத்தாலன்றி, உடன்பாடே காலாவதியாகிவிடும். இந்த ஒற்றை உறுப்பைப் படிக்காமல் உடன்பாட்டைப் பாராட்டி எழுதிய ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வோர் அணுகுமுறையையும் அதன் சொந்தக் கேள்வியைக் கேட்கவிடுங்கள்

அணுகுமுறைகள் ஒரே கேள்விக்குரிய வெவ்வேறு விடைகள் என்று நினைப்பதால்தான் மேலே சொன்ன சாம்பார் நேர்கிறது. அவை பெரும்பாலும் வெவ்வேறு கேள்விகள். நீங்கள் செய்ய வேண்டியது, ஒவ்வொன்றையும் அதன் சிறந்த வாதியின் வாயால் பேசவிடுவது. அதோடு, எது நடந்திருந்தால் அந்த வாதி தலைகுனிய நேர்ந்திருக்கும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவைப்பது.

யதார்த்தவாதி, மேலே ஒரு காவலர் இல்லாத உலகில் ஒவ்வோர் அரசும் தன் நிலையைப் பார்த்துக்கொள்ளும் என்பார். கென்னத் வால்ட்ஸ் 1979இல் இதைக் கட்டமைப்புக் கோட்பாடாகவே ஆக்கினார். எனக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதைவிட, என்னைவிட அவனுக்கு எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கிறது என்பதே அரசுகளின் கவலை. தொலைதூரக் கடல்களுக்குப் படகு அனுப்பும் நாடு அங்கே மீனோடு இருப்பையும் நிலைநாட்டுகிறது. மானியத்தை முதலில் குறைப்பவன் இடத்தை இழக்கிறான். சரி, இவரைச் சங்கடப்படுத்துவது எது? 1958 முதல் 1976 வரை பிரிட்டனும் ஐஸ்லாந்தும் காட் மீனுக்காக மோதிக்கொண்டன. ஒரு பக்கம் அரச கடற்படை. மறுபக்கம் படையே இல்லாத, சில ரோந்துக் கப்பல்கள் மட்டும் கொண்ட சிறு தீவு. வென்றது தீவு. நேட்டோவிலிருந்து விலகிவிடுவோம், அமெரிக்கப் படைகள் இருக்கும் கெஃப்லாவிக் தளம் போய்விடும் என்ற ஐஸ்லாந்தின் மிரட்டலைக் காட்டி யதார்த்தவாதி தப்பிக்கலாம்; ஆனால் வலிமை என்றால் என்ன என்பதை அவர் மறுபடியும் வரையறுக்க வேண்டியிருக்கும். அந்த மறுவரையறை உங்கள் ஆய்வேட்டில் வெளிப்படையாக இருக்க வேண்டும்.

தாராளவாத மரபில் வரும் நிறுவனவாதி வேறு இடத்தில் தொடங்குகிறார். 1984இல் ராபர்ட் கியோஹேன் சொன்னபடி, அரசுகள் சுயநலமிகளாகவே இருந்தாலும், தகவலைப் பகிரவும் ஏமாற்றுபவரைக் கண்டுபிடிக்கவும் விதிகள் உதவினால் ஒத்துழைப்பு இயலும். அப்படியானால் இவருடைய கேள்விகள் வடிவமைப்பு பற்றியவை. உணவு மற்றும் வேளாண் அமைப்பு இருக்க, வர்த்தக அமைப்பை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அங்கே வழக்குத் தீர்க்கும் பல் இருந்தது என்பதால். அந்தப் பல்லின் மேல்முறையீட்டு அமர்வு 2019 டிசம்பர் முதல் முடங்கிக் கிடக்கிறது என்பது இவருக்கு வலிக்கும் இடம். எல்லாரும் ஒத்தால்தான் முடிவு என்ற விதியும் அப்படியே: 166 உறுப்பினர்களில் எவரேனும் ஒருவர் மறுத்துக் கை தூக்கினால் போதும், முடிவு நின்றுவிடும்.

அரசுகளின் நலன்களையே சொற்களும் நெறிகளும் உருவாக்குகின்றன என்னும் கட்டுமானவாதியை மாணவர்கள் கருத்துகளின் பிரியர் என்று மட்டும் புரிந்துகொண்டு இரண்டு பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள். நம் கேள்வியில் அவரிடம்தான் நுட்பமான வேலை இருக்கிறது. 'சட்டவிரோதமான, அறிவிக்கப்படாத, ஒழுங்குபடுத்தப்படாத மீன்பிடிப்பு' என்ற தொடர் வானத்திலிருந்து விழவில்லை. உணவு மற்றும் வேளாண் அமைப்பின் 2001ஆம் ஆண்டுச் செயல்திட்டம் அதை நிலைநிறுத்தியது. அந்தத் தொடர் பிறந்த பிறகு, எந்தப் பதிவேட்டிலும் தன் மீனைக் கணக்குக் காட்டாத கட்டுமரக்காரரும் கொள்ளைக் கப்பலும் ஒரே சொல்லின் இரு ஓரங்களில் நிற்க நேர்ந்தது. காசிமேட்டில் போய்க் கேளுங்கள்: மீன்பிடித் தடைக்காலத்தில் குடும்பத்துக்கு வரும் பணம் 'நிவாரணம்', படகுக்கு வரும் வரி விலக்கு டீசல் 'மானியம்'. ஜெனீவாவில் இரண்டையும் எந்தச் சொல்லின்கீழ் வைப்பது என்பதே பேரத்தின் பாதி.

சரி, காசிமேட்டுக்குப் போனீர்களென்றால் விடியற்காலையில் போங்கள். ஏலம் முடிந்து ஐஸ் பெட்டிகள் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஒரு விசைப்படகு உரிமையாளர் என்னிடம் சொன்னார்: "எங்க நைனா கட்டுமரத்துல போயிட்டுப் பொழுது சாயறதுக்குள்ள வந்துருவாரு சார். இப்போ நாங்க தங்குகடல், பத்து நாளு. டீசல் மானியம் இல்லேன்னா படகு கரையிலதான் நிக்கும்." அடுத்த படகுத்துறையில் ஃபைபர் படகில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவரிடம் இதைச் சொன்னபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நிக்கட்டும். அவங்க மடி இழுத்துட்டுப் போனா எங்க வலையும் சேர்ந்துதான போவுது" என்றார். மடி என்பது இழுவலை.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. வளரும் நாடுகள் தம் பொருளாதார மண்டலத்துக்குள் மானியம் தர 25 ஆண்டுக் கால அவகாசம் வேண்டும் என்று 2022இல் இந்தியா வாதிட்டது. சிறு மீனவர்களின் வாழ்வாதாரம் அதன் முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தச் 'சிறு மீனவர்' மேலே பேசிய இருவரில் யார்? 1970களில் இதே கரையில் இழுவலைப் படகுகளுக்கும் கட்டுமரங்களுக்கும் மோதல் முற்றியதன் தொடர்ச்சியாகத்தான் 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் வரக் கூடாது என்றது. உள்ளே இரண்டாக இருப்பது வெளியே ஒன்றாகப் பேசுவது எப்படி என்பதற்கு, ராபர்ட் புட்னம் 1988இல் முன்வைத்த இருநிலை ஆட்டம் என்ற கருத்து கைகொடுக்கும்: பேச்சாளர் ஒரே நேரத்தில் வெளிநாட்டு மேசையிலும் உள்நாட்டு மேசையிலும் காய் நகர்த்துகிறார்.

விமர்சன அணுகுமுறையாளர் இன்னும் பின்னால் போவார். கோட்பாடு எப்போதும் யாரோ ஒருவருக்காக, ஏதோ ஒரு நோக்கத்துக்காக உருவாவது என்று ராபர்ட் காக்ஸ் 1981இல் எழுதியதை மாணவர்கள் மேற்கோளாக ஒட்டுவதோடு சரி, அதைக் கருவியாக்குவதில்லை. கருவியாக்கினால் இப்படிக் கேட்க வேண்டும்: இந்தியாவுக்கு இழுவலை எங்கிருந்து வந்தது? 1952இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகியவற்றுக்கிடையே ஏற்பட்ட உடன்பாட்டின் வழியாகக் கேரளத்தில் தொடங்கிய வளர்ச்சித் திட்டம் அதன் முக்கியமான வாயில்களில் ஒன்று. ஏற்றுமதி இறாலின் விலை அதை வேகப்படுத்தியது. ஒரு தலைமுறைக்கு முன் வளர்ச்சி என்று சொல்லித் தரப்பட்டது அடுத்த தலைமுறையில் அத்துமீறல் என்று அளக்கப்படும்போது, அளவுகோல் யாருடையது என்று கேட்பது நியாயமே. பருவநிலைப் பேச்சில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல், பிழைப்புக்காக வெளியாகும் வாயுவையும் ஆடம்பரத்துக்காக வெளியாகும் வாயுவையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்டது இதற்கு முன்னோடி. ஆனால் விமர்சனவாதிக்கும் சங்கடம் வேண்டும்: வரலாற்று அநீதியைச் சொல்லும் அரசே தன் கரையின் கட்டுமரக்காரருக்கு அநீதி செய்தால், அவர் எந்தப் பக்கம் நிற்பார்?

பெண்ணிய அணுகுமுறையை 'சிறப்புப் பார்வை' என்று கடைசிப் பத்தியில் வைக்காதீர்கள். பெண்கள் எங்கே என்று சிந்தியா என்லோ 1980களின் இறுதியில் உலக அரசியலைப் பார்த்துக் கேட்ட கேள்வி, மீன்வளத்தில் மிகவும் நேரடியானது. படகுக்குத் தரப்படும் மானியம் படகின் உரிமையாளரைச் சேர்கிறது. கூடையைச் சுமந்து விற்பவரும், கருவாடு காயவைப்பவரும், ஏலத்தில் எடுத்துச் சந்தைக்குக் கொண்டுபோகிறவரும் பெரும்பாலும் பெண்களாக இருக்கும் கரையில், படகை அலகாகக் கொண்ட ஒரு பேச்சுவார்த்தை யாரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை என்பது தானாகத் தெரியும்.

பழவேற்காட்டின் பாடு

அணுகுமுறைகளின் பன்மை என்று பேசும்போது இன்னொரு கேள்வி இருக்கிறது: இவை எல்லாம் எங்கிருந்து வந்தவை? சர்வதேச அரசியலுக்கென்று முதல் பேராசிரியர் இருக்கை 1919இல் வேல்ஸ் நாட்டின் அபரிஸ்ட்வித்தில் ஏற்பட்டது. பிறகு மையம் அமெரிக்காவுக்குப் பெயர்ந்தது. சர்வதேச ஆய்வுகள் சங்கத்தின் தலைவராக இருந்த அமிதவ் ஆச்சார்யா 2014இல், உலகின் மற்றப் பகுதிகளின் வரலாறும் சிந்தனையும் இந்தத் துறையின் மூலப்பொருளாக வேண்டும் என்று வலியுறுத்தினார்.

நம் மாணவர்கள் இதைக் கேட்டதும் செய்யும் முதல் வேலை கௌடில்யரை அழைப்பது. 1909இல் மைசூரில் சாம சாஸ்திரி அச்சிட்டதிலிருந்து அர்த்தசாஸ்திரம் இந்திய யதார்த்தவாதத்தின் பிறப்புச் சான்றிதழாகவே பயன்பட்டுவருகிறது. அண்டை நாடு பகை, அதற்கு அண்டை நாடு நட்பு என்ற மண்டலக் கருத்தை ஒரு பத்தியில் சொல்லி, அடுத்த பத்தியில் மறுபடியும் வால்ட்ஸுக்கே போய்விடுகிறார்கள். திருக்குறளின் தூது அதிகாரத்துக்கும், சங்கப் பாட்டின் நெய்தலுக்கும் இதே கதிதான். எடுத்துவிட்டாலும் வாதம் குலையாது என்றால் அது அலங்காரம். நான் அதைச் சிவப்பு மையால் சுழித்துவிடுவேன்.

வேலை செய்யும் எடுத்துக்காட்டு சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது. பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களை மீனவ ஊர்கள் குலுக்கல் போட்டுச் சுழற்சியில் பங்கிட்டுக்கொள்ளும் முறைக்குப் பாடு என்று பெயர். நல்ல இடம் இன்று உனக்கு, நாளை எனக்கு. இதை உலக இலக்கியத்தோடு சேர்த்துப் பாருங்கள். பொதுச் சொத்து என்றாலே ஒவ்வொருவரும் அள்ளிக்கொண்டு எல்லாரும் அழிவார்கள் என்று காரெட் ஹார்டின் 1968இல் எழுதினார். தனியார் உடைமை அல்லது அரசுக் கட்டுப்பாடு என்ற இரண்டே வழிகள் அதிலிருந்து வந்தன. எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் அதை மறுக்கக் காட்டியவற்றுள் ஒன்று துருக்கியின் அலன்யா. அங்கும் மீனவர்கள் குலுக்கல் போட்டு, இடங்களைச் சுழற்சியில் மாற்றிக்கொள்கிறார்கள். 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அலன்யாவைத் தெரிந்த நம் மாணவருக்குப் பழவேற்காடு தெரிவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு; ஆனால் ஊர்ப்பெருமைக்காக அதைச் சொல்லவில்லை. பாடு முறையில் பங்குரிமை குறிப்பிட்ட மீனவச் சமூகத்தின் ஊர்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. வெளியே இருப்பவர் வெளியேதான். ஒத்துழைப்பு நிலைப்பதற்கு விலக்கல் ஒரு விலையாகிறது. இந்தக் கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டு ஜெனீவாவுக்குத் திரும்புங்கள்: அங்கே 166 பேரும் உள்ளே இருக்கிறார்கள், யாரையும் விலக்க முடியாது. 21 ஆண்டுகள் ஆனதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாமா? ஊரிலிருந்து உலகக் கேள்விக்கு ஒரு கருதுகோள் கிடைத்துவிட்டது.

சோழமண்டலக் கரையில் ஊர்ப் பஞ்சாயத்து, விசைப்படகு உரிமையாளர்கள், அரசு என மூன்று தரப்புகளும் தத்தம் கடற்சட்டத்தை வைத்திருப்பதை நெதர்லாந்து ஆய்வாளர் மார்ட்டன் பாவிங்க் 2001இல் நூலாக்கினார். ஒரே நீரில் பல சட்டங்கள் இயங்குவதை அரசு என்ற ஒற்றை அலகில் அடைக்கும் கோட்பாடு எப்படிக் கையாளும் என்பதை உங்கள் யதார்த்தவாத அத்தியாயம் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக வையுங்கள்.

மோதும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

அணுகுமுறைகளை வரிசையாக நிறுத்தியபின், இரண்டு அணுகுமுறைகள் எதிரெதிராக எதிர்பார்க்கும் ஒரு நிகழ்வைத் தேடுங்கள். நம் கதையில் ஒன்று கண்ணில் படுகிறது. பெரிய மானியக்காரர்களுள் அமெரிக்கா 2023 ஏப்ரலிலும், ஐரோப்பிய ஒன்றியமும் சீனாவும் அதே ஆண்டு ஜூனிலும் 2022 உடன்பாட்டை ஏற்றன. மேலோட்டமாகப் பார்த்தால் நிறுவனவாதிக்கு வெற்றி. யதார்த்தவாதி உடனே, ஏற்ற பகுதியால் அவர்களுக்குப் பெரிய இழப்பு இல்லையே என்பார். இரண்டும் இதுவரை சமம். இங்கே நிறுத்தினால் பழைய சாம்பார்தான்.

எனவே இருவரையும் அடுத்த படிக்கு இழுங்கள். நிறுவனவாதி சரியென்றால், அறிவிப்புக் கடமையின்படி உறுப்பினர்கள் தரும் மானியத் தகவல்கள் ஆண்டுக்கு ஆண்டு முழுமையாகிக்கொண்டு வர வேண்டும்; அந்தத் தகவலே, ஒதுக்கிவைத்த மானியங்களைப் பற்றிய இரண்டாம் பகுதிப் பேச்சில் ஆயுதமாக வேண்டும். யதார்த்தவாதி சரியென்றால், அறிவிப்புகள் மெலிந்தே இருக்கும்; இரண்டாம் பகுதியில் ஒவ்வொரு வல்லரசும் போட்டியாளரைக் கட்டி, தன்னை விடுவிக்கும் வரையறைகளையே முன்வைக்கும். கட்டுமானவாதி சரியென்றால், இரண்டும் நடக்காத நிலையிலும் அரசுகள் தம் உள்நாட்டு வரவு செலவு அறிக்கைகளில் மானியத்துக்குப் பெயரை மாற்றத் தொடங்கும். வெட்கம் சொல்லில்தான் முதலில் தெரியும். மூன்றையும் ஆவணங்களில் போய்ப் பார்க்கலாம். ஒரு மாணவருக்கு ஆறு மாதத்தில் முடியக்கூடிய வேலை.

இதற்குப் பிறகுதான் சேர்ப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். ருத்ர சில், பீட்டர் காட்சென்ஸ்டீன் ஆகியோர் 2010இல் கோட்பாட்டு முகாம்களைத் தாண்டிய பகுப்பாய்வுக் கலவையைப் பரிந்துரைத்தார்கள். அதை எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுக்கொள்வதற்கான உரிமமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தக் கட்டத்தை எது விளக்குகிறது என்று சொல்ல முடிந்தால்தான் சேர்க்கலாம். என் கணிப்பில், பிரச்சினை மேசைக்கு வந்ததைச் சொற்களும் நெறிகளும் விளக்குகின்றன. இழுபறியை இருநிலை ஆட்டமும் முழு ஒப்புதல் விதியும் விளக்குகின்றன. மையப் பகுதி விடுபட்டதை விளக்க வலிமையின் கணக்கு இல்லாமல் முடியாது. நீங்கள் வேறு கணிப்புக்கு வரலாம். ஆனால் 'எல்லாமே ஓரளவு' என்ற கணிப்புக்கு வரக் கூடாது.

சான்றுகளை எங்கே தேடுவது

இந்தக் கேள்விக்குச் சென்னையைவிட வசதியான ஊர் இந்தியாவில் குறைவு. பேச்சுவார்த்தை ஆவணங்கள் உலக வர்த்தக அமைப்பின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நூல்களுக்குக் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகமும் சென்னைப் பல்கலைக்கழக நூலகமும். இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதி வந்து சேரும் நான்கு நூலகங்களுள் ஒன்றான எழும்பூர் கன்னிமரா, பழைய மீன்வள அறிக்கைகளுக்கு. வங்காள விரிகுடாவை ஒட்டிய நாடுகளின் மீன்வளத்துக்காக 1979இல் திட்டமாகத் தொடங்கி 2003இல் அரசுகளுக்கிடையிலான அமைப்பாக மாறிய வங்காள விரிகுடாத் திட்டத்தின் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. சிறு மீனவர்களின் பக்கம் நின்று பேசும், 1986இல் தொடங்கிய மீன்தொழிலாளர் ஆதரவுக்கான சர்வதேசக் கூட்டமைப்பின் அலுவலகமும் இங்கேயே. ஒரே தீர்மானத்தைப் பற்றி இந்த இரண்டு இடங்களின் வெளியீடுகளையும் அருகருகே வைத்துப் படித்தாலே அணுகுமுறை வேறுபாடு என்றால் என்னவென்று பாடநூல் இல்லாமல் புரிந்துவிடும்.

கரையில் நேர்காணல் செய்வதானால், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் போங்கள். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். பேச நேரம் இருக்கும். படகு உரிமையாளர் சங்கத்தோடு நிறுத்திவிடாமல், கூலிக்குக் கடலுக்குப் போகிறவரையும் மீன் விற்கும் பெண்களையும் தனித்தனியே சந்தியுங்கள், ஏனெனில் மூவரையும் ஒன்றாக உட்காரவைத்தால் ஒருவர்தான் பேசுவார். பெயரைக் குறிக்காதீர்கள். பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள்.

எழுதும்போது

அத்தியாயங்களைக் கோட்பாட்டின் பெயரால் பிரிக்காமல், உங்கள் கேள்வியின் கட்டங்களால் பிரியுங்கள்: மேசைக்கு வந்த கதை, இழுபறி, விடுபட்ட பகுதி. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு அணுகுமுறைகளாவது மோத வேண்டும். கலைச்சொற்களுக்குத் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் இருப்பதால், நீங்கள் தேர்ந்த சொல்லை முதலிலேயே விளக்கிவிட்டு இறுதிவரை மாற்றாதீர்கள். கட்டுமானவாதத்தைப் பத்தாம் பக்கத்தில் கட்டமைப்பியல் என்று எழுதினால் தேர்வாளர் வேறொரு கோட்பாட்டை நினைத்துக்கொள்வார்.

வரைவு முடிந்ததும் ஒரு பென்சிலை எடுத்து, கோட்பாடுகளின் பெயர்களையும் அறிஞர்களின் பெயர்களையும் எல்லாப் பக்கங்களிலும் அடித்துவிட்டு, மீதியை இந்தத் துறையைப் படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். 21 ஆண்டுகள் ஏன் ஆயிற்று என்று அவர் உங்களுக்குத் திருப்பிச் சொல்ல முடிந்தால், அடித்த பெயர்களை மறுபடியும் எழுதிக்கொண்டு துறைக்குச் சமர்ப்பிக்கலாம்.